பெற்றிசியா கேட்ட கருவி

என் மச்சாள் பெற்றிசியாவைப் பற்றிப் பேசாலையில் யாரைக் கேட்டாலும் "பிளேனை விழுத்தின பிள்ளை" என்றுதான் சொல்வார்கள். அவள் பிளேனை விழுத்தவில்லை. விழ இருந்த பிளேனைக் கொண்டுவந்து மணலில் இறக்கினாள். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத சனத்தோடு வாய் காட்டி எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அதனால் எழுதி வைக்கிறேன்.

மார்த்தா மாமி என் அப்பாவின் தங்கை. பெற்றிசியா அவருடைய ஒரே பிள்ளை. இத்தாலியில் இருக்கும் சித்தி ஒருத்தி படிக்க வைக்கிறேன் என்று சொன்னதும், மற்றப் பிள்ளைகள் தாதி வேலை, கணக்கியல் என்று கேட்டிருப்பார்கள். இவள் விமானம் ஓட்டப் படிக்கப் போகிறேன் என்றாள். ஊர் சிரித்தது. கொழும்பில் படித்து லைசென்ஸோடு வந்து இறங்கியபோது, சிரித்த அதே வாய்கள் அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டன. பிறகு வேலை இல்லாமல் ஆறேழு வருஷம் பயணச்சீட்டு விற்கும் ஒரு கந்தோரில் இருந்தாள். அப்போது அதே ஊர் திரும்பவும் சிரித்தது. ஓட்டுவதற்குப் பிளேன் இல்லாத பைலட் என்று அவளுக்கு ஒரு பட்டமும் வைத்தார்கள்.

கடைசியில் ஒரு வேலை கிடைத்தது. கரையோரத்தை வானத்திலிருந்து படம் பிடித்து, கடல் எங்கே மண்ணை அரிக்கிறது என்று கணக்கெடுத்துக் கொடுக்கும் ஒரு கொழும்புக் கொம்பனி, முசலிப் பக்கம் செம்மண் ஓடுபாதை ஒன்றைப் பிடித்திருந்தது. இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய சின்னப் பிளேன். இரும்புக் குழாயில் சட்டம் போட்டு மேலே துணி இழுத்தது. உள்ளே வழி காட்டுவதற்கு முன்கண்ணாடி ஓரமாக திசை காட்டும் காந்த ஊசியோடு ஒரு பழைய கொம்பஸ் மட்டும்தான் இருந்தது. ஆகவே வழி காட்டவும் வானிலை சொல்லவும் கையில் கொண்டுபோகக்கூடிய கருவிகள் வேண்டும். எது நல்லது என்று பார்த்துச் சொல்லும்படி கொம்பனியின் டிரெக்டர் தனஞ்சயன் அவளிடமே கேட்டார். அவர் கேட்டதை அவள் நம்பிவிட்டாள்.

பேசாலையில் எனக்கு போன் திருத்தும் கடை இருக்கிறது. பின்னேரங்களில் அவள் அங்கே வந்து உட்கார்ந்து, இணையத்தில் ஒவ்வொரு கருவியாக எடுத்துப் பிரித்து மேய்வாள். நான் வியாபாரி. பெரிய திரை உள்ள ரப்லெட் ஒன்றைக் காட்டி, "இதை வாங்கு, கடல் முழுக்க உள்ளங்கையில தெரியும்" என்றேன்.

"உள்ளங்கையில தெரிஞ்சு என்ன? வெயில்ல தெரியுமோ?" என்றாள்.

சொன்னவள் சும்மா இருக்கவில்லை. கடையில் இருந்த ரப்லெட்டை இயங்கவிட்டு, நடுப்பகலில் தகரக் கூரையின்மேல் கொண்டுபோய் வைத்தாள். பக்கத்தில், படகுக்காரர் ஒருவரிடம் இரவல் வாங்கிய கைக்கருவி ஒன்றையும் வைத்தாள். சின்னத் திரை, பக்கத்தில் தடித்த பொத்தான்கள், பார்ப்பதற்குக் குளிக்கிற சவர்க்காரக் கட்டி மாதிரி இருந்தது. நாங்கள் சோறு தின்றுவிட்டு வந்து பார்த்தபோது, ரப்லெட் சூடேறிவிட்டது என்று ஒரு வரி எழுதிக் காட்டிவிட்டுக் கண்ணை மூடியிருந்தது. சவர்க்காரக் கட்டி வேலை செய்துகொண்டிருந்தது.

"பிளேன் கண்ணாடிக்குப் பின்னால இதைவிடச் சூடு. குலுங்கேக்க விரலால தட்டினால் வேற எங்கயோ படும், பொத்தான் எண்டால் தடவிப் பாத்து அமத்தலாம். சாதாரண பற்றரி போடலாம், பெட்டிக்கடையிலயும் வாங்கலாம்."

"அப்ப வானிலை?"

"கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போனால் போன் சிக்னல் இல்லை. ரப்லெட் கடைசியாப் பாத்த மேகத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். சற்றலைட்டால எடுக்கிற சின்னக் கருவி இருக்கு. படம் இல்லை, எழுத்துத்தான் வரும். ஆனால் உண்மையான எழுத்து."

ஆக அவள் கேட்டது இவ்வளவுதான்: பொத்தான் உள்ள ஒரு சின்ன வழிகாட்டியும், சற்றலைட்டில் வானிலை எடுக்கும் ஒரு சின்னக் கருவியும். இரண்டையும் சேர்த்தால் ஒரு காற்சட்டைப் பையில் அடங்கும்.

தனஞ்சயன் ரப்லெட் வாங்கினார். பளபளவென்று, பெரிய தட்டுப்போல ஒன்று. படம் கேட்டு வருகிறவர்கள் பக்கத்துச் சீற்றில் இருந்து பார்க்கும்போது நன்றாகத் தெரிய வேண்டுமாம். "நீங்கள் சொன்ன சாமான் சின்னன், தங்கச்சி. ஆக்கள் பாத்தால் என்ன நினைப்பினம்? முதல்ல இதை வச்சு ஓடுங்கோ, மற்றதைப் பிறகு பாப்பம்" என்றார். பிறகு என்றால் எப்போது என்று அவள் கேட்டாளாம். அவர் சிரித்தாராம். அந்த மனிதர் கோபப்படவே மாட்டார். அப்படிப்பட்டவர்களோடுதான் கவனமாக இருக்க வேண்டும்.

முடியாது என்று சொல்லிவிட்டு வா என்று நான் சொன்னேன். எனக்கென்ன, சொல்லலாம். ஆறேழு வருஷம் சீட்டுக் கிழித்தவள் அவள்.

எங்கள் பக்கத்தில் புதுப் படகோ, எஞ்சினோ, ஓட்டோவோ எது வந்தாலும் சுவாமியார் வந்து தீர்த்தம் தெளிக்காமல் ஓடாது. அது மட்டும் போதாது, மடுக் கோயில் மாதாவின் சுரூபமும் ஏற வேண்டும். படகென்றால் முன்பக்கம் அணியத்தில், ஓட்டோ என்றால் கண்ணாடிக்குக் கீழே. அடியில் காந்தம் வைத்த சின்னச் சுரூபங்கள் மடுத் திருவிழாக் கடைகளில் குவிந்து கிடக்கும். மார்த்தா மாமி அதில் ஒன்று வாங்கி வைத்திருந்தார். பெற்றிசியா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "பிளேனுக்குள்ள ஒண்டும் வைக்கக் கூடாது அம்மா." ஏன் என்று அவள் விளக்கவில்லை, மாமியும் கேட்கவில்லை. மகள் வெட்கப்படுகிறாள், கொழும்பு ஆட்களுக்கு முன்னால் மாதாவை மறைக்கிறாள் என்றுதான் மாமி நினைத்தார்.

முதல் ஓட்டத்துக்கு ஐப்பசியில் ஒரு நாள் குறித்தார்கள். ஓடுபாதையில் பந்தல், கதிரைகள், சாப்பாடு, கொழும்பிலிருந்து நாலைந்து விருந்தாளிகள். பெற்றிசியா விடியவே வந்து பிளேனைச் சுற்றிப் பார்த்து, கொம்பஸையும் சரிபார்த்து முடித்திருந்தாள். பிறகு சுவாமியார் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். பைலட்டின் தாய் என்று மாமியையும் கூப்பிட்டு, உள்ளே கொஞ்ச நேரம் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். மாமி தன் கைப்பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

அங்கேதான் அது நடந்தது. பைக்குள் இருந்த சுரூபத்தை எடுத்து மாமி அங்கே இங்கே வைத்துப் பார்த்திருக்கிறார், ஒட்டவில்லை. தகடெல்லாம் அலுமினியம். கண்ணாடிக்குக் கீழே கையை விட்டுத் தடவியபோது இரும்புக் குழாய் ஒன்று அகப்பட்டிருக்கிறது. மாதா டக்கென்று ஒட்டிக்கொண்டார். நேர் மேலே கொம்பஸ். மாமிக்குக் கொம்பஸ் என்றால் என்ன தெரியும்? மகளுக்குக் காவல் வைத்துவிட்டு நிம்மதியாக இறங்கி வந்தார்.

"சுவாமியாருக்கு வேற பூசை இருக்காம், கெதியா எழும்புங்கோ" என்று தனஞ்சயன் அவசரப்படுத்தினார். ஓடுபாதையின் நுனியில் நின்று இன்னொரு தரம் கொம்பஸைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை என்று அவளே சொன்னாள். பந்தலில் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள், முன்னால் புது ரப்லெட் பளபளத்துக்கொண்டிருந்தது. அவளுடைய போனும் அவளிடம் இல்லை. பிளேன் எழும்புவதை வீடியோ எடுக்கச் சொல்லி என்னிடம் தந்திருந்தாள்.

முந்தி முத்துக் குளித்த கடற்பார்களுக்கு மேலே தனியாகப் போய்ப் படம் எடுத்திருக்கிறாள். வெயில் கண்ணாடி வழியாக அடித்தபடியே இருந்திருக்கிறது. ரப்லெட்டில் வானம் சுத்தமாகத் தெரிந்தது. அது கரையில் எடுத்த படம். நிமிர்ந்து பார்த்தால் தரைப் பக்கம் முழுக்கக் கறுத்துக் கிடக்கிறது. திரும்பினாள். மேகம் சூரியனையும் மூடியது, கீழே கடலும் மங்கியது. அந்த நேரம் பார்த்து ரப்லெட் சூடேறிவிட்டது என்று ஒரு வரி காட்டிவிட்டு அணைந்தது. அவள் கூரையில் வைத்துப் பார்த்த அதே வரி. ரேடியோவில் கூப்பிட்டாள். ஓடுபாதையில் கேட்க ஆள் இல்லை. எல்லோரும் பந்தலில் புரியாணி தின்றுகொண்டிருந்தோம்.

மிச்சம் இருந்தது கொம்பஸ் மட்டும். அது கிழக்கு என்று காட்டிய பக்கம் ஓட்டினாள். கரை வரவில்லை. வரவேண்டிய நேரம் கடந்தும் வரவில்லை. மேகம் கொஞ்சம் விலகியபோது கீழே மணல் திட்டுகள் தெரிந்தன. தலைமன்னாருக்கு அப்பால், இந்தியாவின் பக்கம் உள்ள திட்டுகள். கிழக்கே போகிறேன் என்று நினைத்து அவள் வடக்கே போயிருக்கிறாள்.

அதற்குப் பிறகு அவள் எந்தக் கருவியையும் பார்க்கவில்லை. திட்டுத் திட்டாகப் பிடித்து வந்து, எங்கள் தீவின் தென்கரையைப் பிடித்து, எண்ணெய் முடிந்து எஞ்சின் நின்றபோது தாழ்வுபாட்டுக் கரையில் இறக்கினாள். பிளேனின் சில்லு மணலில் புதைந்து மூக்குக் குத்தியது. வலது மணிக்கட்டு முறிந்தது. கரையில் நின்ற யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. இதைத்தான் எங்கள் ஊர் விழுத்தினது என்கிறது.

உடைந்த பிளேனைக் கழற்ற இரத்மலானையிலிருந்து மெக்கானிக் ஒருவர் வந்தார். கொம்பஸுக்குக் கீழே, அதன் ஊசியை இழுத்துப் பிடித்தபடி நின்ற மாதாவைக் கண்டெடுத்தவர் அவர்தான். சிங்கள மனிதர், பௌத்தர். சுரூபத்தை நெற்றியில் தொட்டுவிட்டுத்தான் தனஞ்சயனிடம் கொடுத்தாராம்.

கை முறிந்தவளை நான்தான் மோட்டார் சைக்கிளில் கொம்பனிக் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மேசையில் மாதா நின்றார். தனஞ்சயன் தேத்தண்ணி எடுப்பித்தார்.

"இது ஆர் வச்சது எண்டு எங்களுக்குத் தெரியும், தங்கச்சி. படத்தில இருக்கு. இந்தியாவில இருந்தும் கேள்வி வந்திருக்கு. நாங்கள் பதில் சொல்லவேணும்."

"ரப்லெட் நிண்டதையும் பதில்ல எழுதுங்கோ சேர்."

"அது வேற விஷயம்."

"அதுதான் விஷயம். நான் கேட்டதை வாங்கியிருந்தால் நான் கொம்பஸைப் பாத்திருக்கவே தேவையில்லை."

அவர் அப்போதும் கோபப்படவில்லை. "அப்ப விசாரணை பெருசாகும். அம்மாவையும் கூப்பிடுவினம். பேப்பர்க்காரர் வீட்டுக்கு வருவாங்கள். வயசு போன மனுசி. எல்லாத்தையும் அவவின்ர தலையிலயே போட்டிடுவினம். நீங்களே வச்சனீங்கள் எண்டு சொன்னால் இதோட முடியும்."

முடியும் என்றால் எது முடியும் என்று அவளுக்குத் தெரியும். பிளேனுக்குள் காந்தம் வைத்த பைலட்டை இனி எவன் எடுப்பான்? அவள் மாதாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இடது கையால், சின்னப் பிள்ளை எழுத்தில், கையெழுத்துப் போட்டாள். எழும்பும்போது சுரூபத்தையும் எடுத்துக்கொண்டாள். தனஞ்சயன் தடுக்கவில்லை. அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

வெளியில் வந்து நான் கத்தினேன். விசரி, முட்டாள் என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். பிழை வாங்கினவனுடையது, நீ ஏன் சுமக்கிறாய் என்று கேட்டேன்.

"அம்மாவுக்குத் தெரிஞ்சால் அவ பிறகு ஒரு செபமும் சொல்லமாட்டா, மச்சான்" என்றாள். "அவவிட்ட வேற என்ன இருக்கு?"

எனக்கு இன்றுவரைக்கும் அந்தப் பதிலில் ஆத்திரம்தான்.

கொம்பனி வேறு பிளேனும் வேறு பைலட்டும் எடுத்தது. அந்தப் பொடியன் முகநூலில் படம் போட்டிருந்தான். பக்கத்தில் பெரிய ரப்லெட் இல்லை. சவர்க்காரக் கட்டி மாதிரி ஒன்றும், சற்றலைட்டில் வானிலை எடுக்கும் சின்னக் கருவி ஒன்றும் பூட்டியிருந்தன. பிறகு என்று தனஞ்சயன் சொன்னது அப்போதுதான் வந்தது. படத்தைப் பெற்றிசியாவுக்குக் காட்டினேன். "நல்ல சாமான்" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது அவள் என் கடையில் இருக்கிறாள். படகுக்காரருக்கு வழிகாட்டிக் கருவி விற்கிறாள். பெரிய திரை கேட்டு வருகிறவர்களைத் தகரக் கூரைக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள். மாதா என் மேசை லாச்சியில்தான் இருக்கிறார். போன் திருத்தும்போது கழற்றும் சின்ன ஆணிகளை அவருடைய பாதத்தில் போட்டுவைக்கிறோம், ஒன்றும் தொலைவதில்லை.

போன கிழமை மார்த்தா மாமி கடைக்கு வந்தார். மகள் வேலையை விட்டது கை நோவினால் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். கைப்பையைத் திறந்து, துணியில் சுற்றிய ஒன்றை மேசையில் வைத்தார். ஒரு சாண் உயரத்தில் புது மாதா. அடியில் கறுப்பாகத் தடித்த காந்தம்.

"உன்னட்டச் சொல்லாமல் அண்டைக்கு ஒண்டு வச்சனான், பிள்ளை. கோவிக்காத. அவதான் உன்னைக் கரையில கொண்டந்து விட்டவ. அது சின்னன், அதுதான் கை முறிஞ்சது. அடுத்த பிளேனுக்கு இதை வை."

நான் லாச்சியை மெல்லச் சாத்தினேன். பெற்றிசியா புதுச் சுரூபத்தை இரண்டு கையாலும் வாங்கினாள்.

"ஓம் அம்மா, வைக்கிறன்" என்றாள்.