சாக்கு விரித்த இடம்

சித்தி தன் பிக்கப் வண்டியின் பின்கதவை யார் எதிரிலும் முழுதாகத் திறக்கமாட்டாள். பாதி இறக்கி, இடுப்பால் முட்டுக் கொடுத்தபடியே மீன் கூடைகளை வாங்கி உள்ளே தள்ளுவாள். பார்க்கிறவர்களுக்கு அது வேலை அவசரமாகத் தெரியும். வண்டியின் தளம் துருப்பிடித்து ஓட்டையாகிக் கிடந்ததை மறைக்கத்தான் அப்படிச் செய்கிறாள் என்பது, பட்டறைக்காரரை விட்டால், அவளுக்கும், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கல்லூரிக்குப் போய்வந்த எனக்கும் மட்டுமே தெரியும் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

வண்டி சித்தப்பாவுடையது. சர்க்கரை அவர் கண்ணைக் கெடுத்தபிறகு சித்தி ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் எடுத்தாள். திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். விடிவதற்குள் சதுரங்கப்பட்டினம் பக்கத்துக் குப்பத்துக்குப் போய் மீனையும், அதை விற்கும் பெண்களையும் ஏற்றிக்கொண்டு வருவாள். வழியில் நான் ஏறிக்கொள்வேன். செங்கல்பட்டு மார்க்கெட்டில் அவர்களை இறக்கிவிட்டு, கல்லூரி வாசலில் என்னை இறக்குவாள். ஒருநாள் டீக்கடையில் யாரோ, "ஆம்பள கையில இருந்த வரைக்கும் அது வண்டியா இருந்துது" என்று சொன்னது சித்தியின் காதில் விழுந்தது. முன்கண்ணாடியில் ஒரு தூசி இல்லாமல் துடைத்துவைக்கும் பழக்கம் அதற்குப் பிறகு வந்ததுதான். முன்பக்கம் பளபளக்கும். பின்பக்கத்தில் தார்ப்பாய் எப்போதும் இழுத்துக் கட்டியிருக்கும்.

ஐஸ் உருகி வழியும் உப்புத் தண்ணீர் தகட்டைத் தின்றுகொண்டே வந்தது. முதலில் பின்கதவை ஒட்டி ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. டிங்கர் வேலை செய்கிறவர் ஒட்டுப் போட்டார். அந்த ஒட்டைச் சுற்றித் துரு பிடித்தது. அதற்கு மேல் இன்னொரு ஒட்டு. மூன்றாம் முறை போனபோது அவர் தளத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். அது உள்ளே போய்விட்டது.

"பத்த வெக்கிறதுக்குத் தகடே இல்லக்கா. நெருப்பு பட்டா ஓட்ட பெர்சாத்தான் ஆவும். பாடிய மொத்தமா கழட்டிட்டு புதுசு கட்டிக்க" என்றார்.

"பொங்கல் போவட்டும்" என்றாள் சித்தி. பாடி கட்ட வண்டியைப் பட்டறையில் விட்டால், மீன்காரப் பெண்கள் வேறு வண்டி பிடித்துக்கொள்வார்கள் என்ற பயம் அவளுக்கு. அதைவிடப் பெரிய பயம், பட்டறை வாசலில் அந்தத் தளத்தை ஊரே பார்க்கும் என்பது. ஒரு ப்ளைவுட் பலகையை ஓட்டை மேல் போட்டு, பலகை தெரியாமல் கோணிச் சாக்கை விரித்தாள். நான்தான் சாக்கின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

அந்தச் சாக்கின் மேல் உட்கார்ந்து வருகிறவர் மீன்காரம்மா. பெண்களில் அவர்தான் மூத்தவர். சித்தியைத் தங்கச்சி என்று கூப்பிடுவார். எங்கள் வீட்டுக்குத் தனியாக ஒரு பொட்டலம் சங்கரா மீன் எடுத்துவைப்பார். மழை நாட்களில் நான் முன்சீட்டில் இடம் விடுவதாகச் சொன்னாலும் வரமாட்டார். "காலேஜி போற பொண்ணு, மீன் நாத்தம் துணியில ஏறிக்கும்" என்பார்.

ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த வாரம். மார்க்கெட் வாசலில் வண்டியை நிறுத்தினோம். மீன்காரம்மா பின்னால் எழுந்து நின்று ஒரு கூடையைத் தூக்கினார். ஊறிப்போயிருந்த பலகை உடைந்தது. வலது கால் முழங்கால் வரை தளத்துக்குக் கீழே போய்விட்டது. அவர் அலறவில்லை. "தங்கச்சி, கால் மாட்டிகினு கீது, கொஞ்சம் வா" என்று மட்டும் கூப்பிட்டார்.

காலை மேலே இழுக்க முடியவில்லை. கிழிந்த தகடு கீழ்நோக்கி மடங்கி, இழுக்க இழுக்கச் சதைக்குள் ஏறியது. சித்தி மழைச் சேற்றில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனாள். ஜாக்கிக் கம்பியால் தகட்டை வளைத்துக் காலை விடுவித்தாள். துருத்தண்ணீரும் ரத்தமும் அவள் முகத்தில் சொட்டின. வெளியே வந்தபோது எது எதன் நிறம் என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "எதுல கிழிச்சுது?" என்று கேட்டார். சித்தி வாயைத் திறந்தாள். அதற்குள் மீன்காரம்மா, "குப்பத்துல பழைய தகரம் ஒண்ணு கெடந்துது சார். பாக்காம மிதிச்சுட்டேன்" என்றார். சித்தியின் வாய் திறந்தபடியே இருந்தது. நான் சுவரோரம் நின்றிருந்தேன். அந்த நிமிடம் எனக்கு வந்தது நிம்மதி. அப்பாடா, பழி நம் மேல் வரவில்லை என்ற நிம்மதி. பச்சை ரத்தம் வழிய ஒரு மனுஷி படுத்திருக்க, எனக்கு அப்படித்தான் தோன்றியது. இன்று நினைத்தாலும் கூசுகிறது.

தையல் போட்டார்கள். நரம்பு அறுந்துவிட்டதால் பாதத்தை இனிமேல் முன்போல் தூக்க முடியாது என்றார்கள்.

சில நாள் கழித்துச் சித்தி குப்பத்துக்குப் போனாள். தனியாகப் போகத் தைரியமில்லாமல் என்னையும் அழைத்துப்போனாள். மீன்காரம்மா கட்டுப்போட்ட காலை ஒரு ஐஸ் பெட்டி மேல் நீட்டியபடி வாசலில் உட்கார்ந்திருந்தார். சித்தி நின்றபடியே பேசினாள். வழியெல்லாம் யோசித்து வந்த பேச்சு போலிருக்கிறது. நடுவிலேயே உடைந்துபோனது.

"ஓட்ட கீதுன்னு எனுக்குத் தெரியும்க்கா. தெரிஞ்சேதான் சாக்கு போட்டு மூடி உன்ன அதும்மேல குந்த வெச்சேன்."

"எனுக்குந்தான் தெரியும்" என்றார் மீன்காரம்மா. "தெனம் அதும்மேலதான குந்திகினு வரேன். கீழ ரோட்டு காத்து வருது, தெரியாதா?"

சித்தி ஐஸ் பெட்டி மேலிருந்த காலைப் பார்த்தாள். "அப்ப ஏங்கா ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா நீ கூசிப்பூடுவன்னு வுட்டுட்டேன்."

"ஆஸ்பத்திரில?"

"அது உனுக்காவ இல்ல. போலீஸ் கேஸுன்னு வண்டிய எடுத்துகினு போய் நிறுத்திட்டான்னா, மத்த பொம்பளைங்க கூடைய எதுல ஏத்துவாங்க?"

சித்தி திட்டு வாங்கத் தயாராகப் போயிருந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவள் அத்தனை நாள் பொத்திப் பொத்தி மறைத்ததைத் தெரிந்துகொண்டே, அவள் மானத்துக்காக ஒருத்தி அந்த ஓட்டையின் மேலேயே பேசாமல் உட்கார்ந்து வந்திருக்கிறாள். அதைக் கேட்டுவிட்டு எப்படி நிற்பது, எங்கே பார்ப்பது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கிளம்பும்போது மீன்காரம்மா மருமகளைக் கூப்பிட்டு எங்களுக்கு மீன் கட்டித்தரச் சொன்னார். வாங்காமல் வரமுடியவில்லை. வாங்கிக்கொண்டு வரவும் முடியவில்லை. வாங்கிக்கொண்டுதான் வந்தோம்.

மறுநாளே வண்டி பட்டறைக்குப் போனது. போல்ட்டுகள் துருவேறி இறுகிப்போனதால் கேஸ் வைத்து அறுத்தார்கள். பழைய பாடியைத் தூக்கும்போதே அது பொலபொலவென்று உதிர்ந்தது. சேசிஸின் மேல் இருந்த குறுக்குச் சட்டங்களிலும் இரண்டு கையோடு வந்துவிட்டன. பழைய தகட்டை உள்ளே ஓரமாகப் போடவா என்று டிங்கர் கேட்டார். "வேணாம், ரோட்டோரமே கெடக்கட்டும்" என்றாள் சித்தி. போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். புதுத் தளத்துக்கு, கால் வழுக்காமல் பூ வரி போட்ட கனமான தகடு வைத்து, துருப்பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு அடித்து, தண்ணீர் வடிய மூலையில் குழாய் வைக்கிற வரைக்கும் சித்தி அந்தப் பழைய தகட்டின் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். இது யாருடையது என்று யாரோ கேட்டதற்கு, "என் வண்டிதுதான்" என்றாள்.

ஆனால் மீன்காரம்மா அந்தப் புதுத் தளத்தில் ஏறவேயில்லை. ஏற முடியாது. அவருடைய கூடையோடு மருமகள் வந்தாள். அவர் மாமல்லபுரத்தில் மகள் வீட்டு வாசலில் உட்கார்ந்து கருவாடு விற்றார். சித்தி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வண்டியை நிறுத்துவாள். ஆனால் என்ஜினை அணைக்கமாட்டாள். இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கிளம்பிவிடுவாள்.

நான் இப்போது நாவலூரில் வேலை பார்க்கிறேன். கூடுவாஞ்சேரியில் வீடு. போன மாதம் மீன்காரம்மாவின் பேத்திக்கு மாமல்லபுரத்தில் நிச்சயதார்த்தம். சித்தியோடு நானும் போயிருந்தேன். பந்தியில் மீன்காரம்மா பாதத்தை இழுத்து இழுத்து நடந்து எல்லாரையும் கவனித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா, "காலுக்கு இன்னாம்மா ஆச்சு?" என்று கேட்டார்.

"அதுவா, ஒரு பழைய தகரத்த மிதிச்சது" என்றார் மீன்காரம்மா. எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சொல்லி அது அவருக்கே உண்மையாகிவிட்டது போலச் சாதாரணமாகச் சொன்னார்.

சித்தி இலையிலிருந்து கையை எடுத்தாள். எழுந்து நின்றாள். "தகரம் இல்லம்மா. என் வண்டி. தளம் துருப்புடிச்சு ஓட்டையா இருந்துது. தெரிஞ்சே நான் ஏத்திகினு போனேன்."

மாப்பிள்ளையின் அம்மா மீன்காரம்மாவைப் பார்த்தார். சம்பந்தி எதிரில் பொய்க்காரியாகிவிட்ட மீன்காரம்மா தலையைக் குனிந்து, கையிலிருந்த சாம்பார் வாளியைக் கீழே வைத்தார். சித்தி அதை யோசித்திருக்கவில்லை. அவள் முகம் மாறியதிலிருந்து எனக்கு அது தெரிந்தது. சேலையைப் பிடித்து அவளை உட்காரவைக்கலாமா என்று நினைத்தேன். என் கை எழவில்லை.

மீன்காரம்மா மெதுவாக நடந்து சித்தியிடம் வந்தார்.

"இத்தினி வருசம் கழிச்சு சொன்னா, என் கால் நேராயிடுமா?" என்றார். குரலில் கோபம் இருந்தது. முதல்முறையாக இருந்தது. பிறகு சித்தியின் தோளில் கைவைத்து அழுத்தினார். "குந்து. சோறு ஆறுது பாரு."

சித்தி உட்கார்ந்தாள். தலையைத் தூக்காமல், இலையில் இருந்ததை எல்லாம் சாப்பிட்டு முடித்தாள்.