கேக்கில் எழுதிய வயது

கல்முனையில் நான் கேக் செய்யும் கடைக்கு அந்த உம்மா ஒரு தடவைதான் வந்தார். கறுப்பு அபாயா, வெயிலில் வாடிய முகம். கையிலிருந்த போனை நிமிடத்துக்கொருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். குசினியில் சமையல் வேலை என்று வெளிநாடு போன மகனை அங்கே பட்டாளத்தில் சேர்த்துவிட்டார்களாம். அன்றைக்கு அவனுடைய பிறந்தநாள். வீடியோவில் கேக்கைக் காட்ட வேண்டுமாம்.

“எத்தனை வயசு எண்டு எழுதட்டும், உம்மா?”

“பதினேழு,” என்றவர் உடனே பதறினார். “இல்ல புள்ள, இருபத்தொண்டு எண்டு எழுதுங்க. பாஸ்போட்ல அப்பிடித்தான். வீடியோல பக்கத்துல பட்டாளத்து ஆக்கள் நிப்பாங்க.”

ஐசிங் பையைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன்.

“வயசக் கூட்டி அனுப்பினது நான்தான், புள்ள.”

நானும் 21 என்றே எழுதிக் கொடுத்தேன். 17 என்று எழுதியிருந்தால் அவனைத் திருப்பி அனுப்பியிருப்பார்களா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.