பேய்ப்பட அட்டையின் பின்பக்கம்

"எழுத்து கூட்றது வேற, இங்கிலீஷ் தெரியிறது வேற. உம்பொண்ணுக்கு இதுல எது தெரியும்?"

வீடியோ கடைக்காரர் இதை என் அம்மாவிடம் கேட்டார். நான் அம்மாவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். என்னிடமே கேட்டிருக்கலாம்.

"எல்லாம் தெரியும் மொதலாளி," என்றாள் அம்மா. "எங்க காலனிக்கு வர்ற காயிதம் பூரா அதான் படிச்சிச் சொல்லுது. அப்ளிகேசன்லாம் அதான் ரொப்புது."

"அப்ளிகேசன்ல பேய் வருமா?" என்று கேட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வரிசையாக ஐந்து கடைகள் இருந்தன. ஐந்தையும் காலையில் பெருக்கித் துடைப்பது அம்மாவின் வேலை. விடுமுறை நாட்களில் நானும் கூடப் போவேன். உதவிக்குப் போவதாகச் சொல்லிக்கொள்வேன். உண்மையில் மூன்றாவது கடையின் வலது பக்கச் சுவருக்காகத்தான் போனேன். அந்தச் சுவர் முழுக்க இங்கிலீஷ் பேய்ப்பட கேசட்டுகளின் அட்டைகள்.

ஒன்றில் பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓட்டையிலிருந்து மோதிரம் போட்ட ஒரு கை வெளியே வரும். இன்னொன்றில் மலைமேல் ஒரு வீடு. மாடி ஜன்னல் இரண்டும் கண்கள், வாசற்கதவு வாய், வாசற்படிகள் வெளியே தொங்கும் நாக்கு. எல்லாம் யாரோ கையால் வரைந்தவை. கிட்டப் போய்ப் பார்த்தால் தூரிகை போன தடம் தெரியும். காலை வெயில் சாய்ந்து அந்தச் சுவரில்தான் விழும். வெயில் முதலில் சிவப்பைத் தின்றுவிடும். ஒரு வருடத்தில் ரத்தம் ரோஸ் நிறமாகும். அடுத்த வருடம் காணாமல் போகும். நீலம் மட்டும் நிற்கும். வாயில் ரத்தம் ஒழுக நின்ற ஒருத்தி, ரத்தம் போனபின் யாரையோ கூப்பிட வாய் திறந்தவளைப் போல ஆகிவிட்டாள். எனக்கு அவளைத்தான் அதிகம் பிடிக்கும்.

எங்கள் வீட்டில் டிவியும் கிடையாது, கேசட் போடும் டெக்கும் கிடையாது. அந்தப் படங்களில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. எனக்கு அட்டைதான் படம். அம்மா தரையைத் துடைத்து முடிப்பதற்குள் ஒரு அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் கறுப்பின் மேல் வெள்ளையாக அச்சிட்ட கதையை விரல் வைத்துப் படிப்பேன். தெரியாத சொல்லை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போவேன். மீதியை முன்பக்கப் படம் சொல்லிவிடும்.

கார் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த தெற்கத்திப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் டெக்கை வாடகைக்கு எடுத்து, அறைக்குப் பத்துப் பேராக உட்கார்ந்து பார்ப்பார்கள். எந்தப் படத்தில் என்ன கதை என்று கேட்டால் கடைக்காரர், "எல்லாம் பேய்தான், எடுத்துக்கினு போப்பா" என்பார். பார்த்த படத்தையே மறுபடி கொண்டுபோய்விட்டு அவர்கள் சண்டைக்கு வருவார்கள். அதனால் ஒவ்வொரு அட்டையின் பின்னாலும் தமிழில் பெயரும் கதையும் எழுதி ஒட்ட அவருக்கு ஆள் தேவைப்பட்டது. அம்மா அந்த வேலையை எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அப்போது பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்தேன்.

அம்மா அத்தனை வற்புறுத்தியதற்குக் காரணம் இருந்தது. கல்குவாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்த என் அப்பா, பதினொன்றாம் வகுப்பு வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அவரால் என் மார்க் ஷீட்டைப் படிக்க முடியாது. டவுனில் கடை வைத்திருக்கும் ஒருவர் வாயால் 'உம்பொண்ணு இங்கிலீஷ் படிக்குது' என்று சொன்னால் அவருக்கு அதுதான் மார்க் ஷீட். சொல்லாவிட்டால் நான் போக வேண்டிய இடமும் தயாராக இருந்தது: கம்பெனிப் பையன்களின் மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்க ஆள் கேட்டிருந்தார்கள்.

கடைசியில் கடைக்காரர் ஒத்துக்கொண்டார். மூன்று நாட்கள் அந்தக் கடை மூலையில் உட்கார்ந்து எழுதினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. தொட்டியிலிருந்து கை வரும் படத்துக்கு 'சமையலறைச் சாவு' என்று பெயர் வைத்தேன். நாக்குப் படி வீட்டுக்கு 'விழுங்கும் வீடு'. கீழே மூன்று வரியில் கதை. அதற்கும் கீழே, எல்லா அட்டையிலும் பொதுவாக இருந்த ஒரு தலைப்பையும் விடாமல் எழுதினேன்.

ஆங்கிலத்தில் CAST என்று போட்டு, கீழே பெயர்கள் அடுக்கியிருந்தார்கள். அந்தச் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். ஏழாம் வகுப்பிலிருந்து காலனியில் எல்லோருக்கும் விண்ணப்பம் நிரப்பியவள் நான். பெயர், தகப்பன் பெயர், மதம், அதற்கு அடுத்த கட்டம் அதுதான். கடைசியில் ஒரு E குறைகிறது. அச்சுக்காரன் விட்டுவிட்டான் என்று நினைத்தேன். வெள்ளைக்காரர்களும் தவறு விடுகிறார்கள் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சந்தேகம் வந்திருந்தாலும் கீழே இருந்த பெயர்கள் அதைத் தீர்த்திருக்கும். ஒருவர் பெயருக்குப் பின்னால் ஸ்மித். இன்னொருவர் ஃபிஷர். மூன்றாமவர் பார்பர். மூன்றுக்கும் பள்ளிப் பாடத்திலேயே அர்த்தம் படித்திருந்தேன். அந்த ஊரிலும் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்கிறார்கள் என்று புரிந்துகொண்டு, சுத்தமான கையெழுத்தில் எழுதினேன்: சாதி: கொல்லர், மீனவர், நாவிதர்.

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் வந்த தெற்கத்திப் பையன்கள் அதைப் பார்த்து அதிசயப்படவில்லை. "எல்லாச் சாதிக்காரனும் இருக்கான், நம்மாளு ஒருத்தனையும் காணோமே" என்று ஒருவன் சொன்னான். அவன் வேடிக்கைக்குச் சொல்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு போனான்.

அன்று மதியம் தண்டலம் பக்கத்துப் பொறியியல் கல்லூரியிலிருந்து மூன்று மாணவர்கள் வந்தார்கள். ஒருவன் ஒரு அட்டையை எடுத்துத் திருப்பினான். அப்படியே நின்றான்.

"மச்சான், இங்க வாடா. பேய்க்கெல்லாம் கம்யூனிட்டி சர்டிபிகேட் குடுத்துக்கீறாங்க."

அவன் சத்தமாகப் படித்தான். அடுத்த அட்டையை எடுத்துப் படித்தான். மற்ற இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். "டேய், காஸ்ட்டுன்னா நடிகருங்கடா!" என்றான் ஒருவன். "யார்ணா எழுதினது?"

கடைக்காரருக்கும் அதுவரை அது தெரிந்திருக்கவில்லை. ஆனால் தெரிந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இன்னாமா இது?"

"ஈ விட்டுப்போச்சின்னு நெனச்சேன்," என்றேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"அந்தப் பேய் இன்னா சாதி? அத்த எழுதலியே தங்கச்சி!" என்றான் அட்டையைப் படித்தவன்.

கடைக்காரர் அவர்களிடம் சமாதானமாகச் சொன்னார்: "அதுங்களுக்கு எப்பவும் அதே நெனப்புதான் தம்பி. சலுகைல பாஸ் பண்ணிட்டு வந்துடுதுங்க."

என் அம்மாவும் என்னை 'அது' என்றுதான் சொல்வாள். அதான் படிக்குது, அதான் எழுதுது. அந்த 'அது'வில் நான் அவள் மடியில் இருப்பேன். கடைக்காரரின் 'அதுங்க'வில் என் தெருவே இருந்தது.

எல்லாத் தாளையும் அன்றைக்கே கிழித்துவிடச் சொன்னார். நான் கோந்தைத் தாராளமாகத் தடவியிருந்தேன். ஈரத் துணியால் ஒற்றி ஒற்றி உரித்தேன். தாளோடு சேர்ந்து அட்டையின் மேல்தோலும் வந்தது. கறுப்பு உரிந்து, கதை உரிந்து, உள்ளேயிருந்த சாம்பல் நிற அட்டை தெரிந்தது. ரத்தம் போன அந்தப் பெண்ணின் அட்டையில் தண்ணீர் முன்பக்கம்வரை இறங்கி அவள் முகம் உப்பிப்போனது. நாற்பது அட்டைக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றையும் என் கையாலேயே பாழாக்கினேன். அந்த மாணவர்கள் படம் தேர்ந்தெடுக்கிற சாக்கில் கடைசிவரை நின்று பார்த்தார்கள்.

கடைக்காரர் அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பா திட்டவில்லை. சாப்பிட்டுக்கொண்டே, "அவரே சொல்லிட்டாரு. மெஸ்ஸுல திங்கக்கெழம வரச் சொல்லிக்கீறாங்க," என்றார். அவ்வளவுதான். அந்த வாரமே பரீட்சை முடிவு வந்திருந்தது. இங்கிலீஷில் வகுப்பில் நான்தான் முதல். அந்தத் தாளை அவரிடம் நீட்டி என்ன செய்வது?

திங்கட்கிழமை அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். மெஸ் வாசலில் அம்மா நிற்கவில்லை. நான் நின்றேன்.

"இன்னா நிக்கிற? வா. அந்தாளுக்கு மட்டும் இன்னா இங்கிலீஷ் தெரியும்? இத்தினி வருசமா அட்டைய மாட்டிக்கினு கீறான், ஒரு நாளு திருப்பிப் பாத்தானா?"

நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். அம்மா கைநாட்டு வைத்தாள். அதற்காக அவள் வீட்டில் என்ன வாங்கிக்கட்டிக்கொண்டாள் என்பதை நான் எழுதப்போவதில்லை. பள்ளி அகராதியில் CAST என்ற சொல்லைத் தேடினேன். எறிதல், வார்த்தல், வலை வீசுதல் என்று அரைப் பக்கம் போய், அதற்குப் பிறகுதான் நடிகர்கள் வந்தார்கள். இத்தனை அர்த்தம் உள்ள சொல்லில், எனக்குத் தெரிந்திருந்த ஒன்று மட்டும் அதில் இல்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அப்பா, "ரெண்டு வருசம் விட்டேன், போதும்" என்றார். பதினெட்டு வயதானதும் செல்போன் கம்பெனியில் சேர்ந்தேன். நீலக் கோட்டு, தொப்பி, மூன்று ஷிப்ட். லைனில் எனக்குப் பக்கத்தில் நிற்பவள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஹாஸ்டல் அறையில் பேய்ப்பட சிடி போட்டார்கள். கவர் என்று எதுவும் இல்லை. மெல்லிய பிளாஸ்டிக் உறை, அதன்மேல் பேனாவால் எழுதிய பெயர். அந்தப் பெயரைப் பார்த்ததும் டிவிக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன். நான் 'விழுங்கும் வீடு' என்று பெயர் வைத்த படம்.

வந்தது ஒரு சாதாரண வீடு. விளக்கை அணைத்துவிட்டு எடுத்திருந்தார்கள். கண் இல்லை, வாய் இல்லை, படி வெறும் படி. கடைசிவரை காத்திருந்தேன்.

"ஏட்டி, எல்லாரும் பயந்து சாவுதாவ. நீ என்ன கோவமா இருக்க?" என்றாள் அவள்.

அட்டையை வரைந்தவர் அந்தப் படத்தைப் பார்த்திருக்க மாட்டார் என்று அன்று தோன்றியது. என்னைப் போல யாரோ சொன்ன மூன்று வரியை வைத்துக்கொண்டு மீதியை அவரே உண்டாக்கியிருக்கிறார். படம் எடுத்தவர்களைவிட அவருக்குத்தான் பேயைத் தெரிந்திருக்கிறது. இப்போது அப்படி வரைகிறவர்கள் இல்லை. பெரிய முகம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் நீலமாக்கி ஒட்டிவிடுகிறார்கள்.

மறுவாரம் அந்தக் கடைக்குப் போனேன். ரீசார்ஜ் கடையாகியிருந்தது. வலது பக்கச் சுவர் முழுக்க செல்போன் விளம்பரம். அதே ஆள்தான் உட்கார்ந்திருந்தார்.

"நம்பர் சொல்லுங்க மேடம்."

பழைய பேய்ப்பட அட்டைகள் இருக்கின்றனவா என்று கேட்டேன்.

"அதுங்களா? மழைல ஊறிப்போச்சி, தூக்கிப் போட்டுட்டேன். அதுங்கள வச்சிக்கினு இன்னா பண்ணப்போறீங்க?"

என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அத்தனை வருடமாக நான் மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஆளுக்கு என்னைத் தெரியாது. 'மேடம்' என்றது என் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைப் பார்த்து.

அடுத்த மாதமே அஞ்சல்வழிக் கல்வியில் பி.ஏ. ஆங்கில இலக்கியத்துக்கு விண்ணப்பித்தேன். வகுப்பு ஞாயிற்றுக்கிழமைகளில், காஞ்சிபுரத்தில். எங்கள் லைனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம், எங்கள் பேச்சில் ஓ.டி., வந்தால் யாரும் மறுப்பதில்லை. சூப்பர்வைசர் பட்டியலோடு வந்தார்.

"இங்கிலீஷ் இலக்கியமா? கதை பொஸ்தகம் படிக்கிறதுக்கா ஓ.டி.ய விடுற? டிப்ளமோ கிப்ளமோ படிச்சாலும் பிரயோஜனம் உண்டு. அது உனக்கு வருமாம்மா?"

பேனாவைக் கேட்டு வாங்கி, பட்டியலில் என் பெயரை நானே அடித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் வகுப்புக்குப் போய்வந்தேன். நேற்று ஷிப்ட் முடிந்ததும் முதல் பாடத்தின் விடைகளைப் பத்துப் பக்கம் ஆங்கிலத்தில் எழுதி முடித்தேன். யாரிடமும் காட்டித் திருத்தவில்லை. இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன்.