டிஸ்கெட்டைத் திருப்பி வாங்கப் போனோம்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் இருந்தது எங்கள் கம்பெனி. கீழே மீன் பொரித்தால் மேலே யாருக்கும் வேலை ஓடாது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. லோரி கம்பெனிகளுக்காக ஒரு கம்ப்யூட்டர் நிரல் எழுதி விற்றுக்கொண்டிருந்தோம். எந்த லோரி எங்கே போயிருக்கிறது, என்ன ஏற்றியிருக்கிறது என்று அது திரையில் காட்டும்.

முதலாளி, டெலிபோன் இலாகாவில் எஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். எல்லாருக்கும் அவர் அங்கிள். நிரலை விற்கும்போது, அதை நாங்கள் எழுதிய மூல வடிவத்தையும், அதாவது சோர்ஸ் கோடையும், இன்னொரு டிஸ்கெட்டில் போட்டுக் கொடுத்துவிடுவார். வாங்கியவர் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம்.

"இப்படிக் குடுத்தா அப்புறம் யாரு அங்கிள் நம்மகிட்ட வாங்குவா?" என்று கேட்டேன்.

"ஒளிச்சு வைக்க இது என்ன கடத்தல் சாமானா, பிள்ளை?" என்றார்.

நான் பயந்தபடியேதான் ஆயிற்று. ஒருவர் வாங்கினால் அவருடைய மைத்துனர், சம்பந்தி, கோயில் கமிட்டியில் பக்கத்து நாற்காலிக்காரர் எல்லாரிடமும் அது போய்ச் சேர்ந்துவிடும். ரவாங்கிலிருந்து யாரோ போன் செய்து சந்தேகம் கேட்பார்கள். அவர்களுக்கு நாங்கள் விற்றதே இருக்காது. அங்கிள் பொறுமையாக விளக்குவார். ஏர்கண்டிஷன் பழுதானபோது, சரிசெய்யக் காசில்லாமல் ஜன்னலைத் திறந்துவைத்தோம். மீன் வாசனை இன்னும் தாராளமாக வந்தது.

கடைசியில் ஒரு பெரிய நிறுவனம் எங்களை வாங்கிக்கொண்டது. கையெழுத்துப் போட்டதோடு அங்கிளின் பொறுப்பு முடிந்தது. அவர் வீட்டுக்குப் போனார். நான் வேலையில் தொடர்ந்தேன்.

புதிய மேனேஜர் அம்பாங்கிலிருந்து வரும் இளைஞர். அந்த வெக்கையிலும் டை கட்டியிருந்தார். முதல் நாளே கேட்டார்: "சோர்ஸ் கோட எங்க பூட்டி வச்சிருக்கீங்க?"

"கிள்ளான்ல, காப்பார்ல, ரவாங்ல..."

"அங்கெல்லாம் பிராஞ்ச் இருக்கா?"

"இல்ல பாஸ். கஸ்டமருங்க."

அவர் டையைத் தளர்த்திக்கொண்டார். கொடுத்ததையெல்லாம் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்றார். மறுநாள் அவருடைய காரில் கிள்ளானுக்குப் போனோம்.

அங்கே லோரி கம்பெனி நடத்திய ஆன்டி, போனில் ஒரு டிரைவரை மலாயில் வறுத்துக்கொண்டிருந்தார். போனை வைத்ததும் எங்களுக்கு மைலோ வந்தது. மேனேஜர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார்.

ஆன்டி உடனே டிராயரைத் திறந்து டிஸ்கெட்டை நீட்டினார். "இந்தாங்க தம்பி, எடுத்துக்கங்க."

மேனேஜருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "வேற காப்பி எதாச்சும் இருக்கா ஆன்டி?"

"இருக்குலா! கம்ப்யூட்டர்ல ஒண்ணு, வீட்டுல ஒண்ணு, காப்பார்ல என் தம்பிகிட்ட ஒண்ணு. அவன் யாருக்கெல்லாம் குடுத்தான்னு எனக்குத் தெரியாது."

மேனேஜர் மைலோவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆன்டிக்குப் பாவமாகிவிட்டது போலும். "நாங்க அதுல புதுசா ஒண்ணு போட்டிருக்கோம், பாக்கிறீங்களா?" என்று கம்ப்யூட்டர் பக்கம் கூட்டிப்போனார். எந்த லோரிக்கு எப்போது டயர் மாற்ற வேண்டும் என்று சிவப்பு எழுத்தில் காட்டியது திரை. அங்கே வேலை செய்த கிளார்க் எழுதிச் சேர்த்ததாம்.

மேனேஜர் வாயைப் பிளந்தார். எங்களை வாங்கிய நிறுவனமே கிடங்கு லோரிகளுக்கு இப்படி ஒன்றைக் கேட்டு அவரை நச்சரித்துக்கொண்டிருந்தது என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"ஆன்டி," என்றார், குரல் இறங்கி. "இத எனக்கு ஒரு காப்பி போட்டுத் தர முடியுமா?"

"இதுக்கெல்லாம் கேக்கணுமா? அந்த டிஸ்கெட்டக் குடுங்க, அதுலயே போட்டுத் தரேன்."

திருப்பி வாங்கியதை மறுபடியும் அவர் கையிலேயே கொடுத்தோம். திரும்பி வரும்போது ஃபெடரல் ஹைவேயில் ஒரே ஜாம். மேனேஜர் சட்டைப் பையிலிருந்த டிஸ்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, "ஆபீஸ்ல இத சொல்லாதீங்க லா," என்றார். நான் தலையாட்டினேன். காப்பாருக்கும் ரவாங்குக்கும் போகும் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவேயில்லை.

அன்று சாயங்காலம் அங்கிளுக்குப் போன் செய்து ஒன்றுவிடாமல் சொன்னேன். மறுமுனையில் சத்தமே இல்லை. மனசு நொந்துவிட்டாரோ என்று பயந்துபோனேன். அப்புறம்தான் கேட்டது, மூச்சு வாங்க வாங்கச் சிரிக்கிற சத்தம். என்ன ஆச்சு என்று அவருடைய மனைவி ஓடிவந்து விசாரிப்பதும் கேட்டது.

"ஒண்டுமில்லையப்பா," என்று அவரிடம் சொன்னார் அங்கிள். "கம்பெனிய வாங்கின ஆக்கள், இப்பதான் எங்கட கஸ்டமர் ஆகியிருக்கினம்."