பலவேசம் வகையறாவுக்கு ஓர் இலை

“உங்க சாஸ்தா எது?” என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், வன்னியபெருமாளுக்குக் கழுத்துத் துண்டு நனைகிற அளவுக்கு வேர்த்துவிடும். தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கிட்டங்கியின் கங்காணி அவர். மூட்டை தூக்குகிறவர்களையும் தோணிக்காரர்களையும் கட்டி மேய்க்கிற வேலை. வாயைத் திறந்தால் கடற்கரை முழுக்கக் கேட்கும். துரைமார் வந்து நின்றால்கூடக் குரலைத் தாழ்த்த மாட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷன் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

செம்மண் தேரிக்காட்டுப் பக்கத்துக் குடும்பங்களில் சாஸ்தா தெரியாதவன் என்றால் வேர் தெரியாதவன் என்று பொருள். யார் எங்கே போய்ப் பிழைத்தாலும் பங்குனி உத்திரத்துக்குக் குலசாமியான தன் சாஸ்தாவின் கோயிலுக்கு வந்து பொங்கல் வைத்தாக வேண்டும். கல்யாணம் பேசும்போது முதலில் கேட்கிறதே அதைத்தான். ஒரே சாஸ்தாவாக இருந்தால் பங்காளி, அண்ணன் தம்பி முறை, கொள்வினை கொடுப்பினை கிடையாது. வேறு சாஸ்தா என்றால் தாராளமாகப் பேசலாம். சாஸ்தாவே தெரியாது என்றால், பேச வந்தவன் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவான்.

வன்னியபெருமாளின் பாட்டன் பலவேசம் தாது வருஷப் பஞ்சத்தில் பெண்டாட்டியோடும் பிள்ளைகளோடும் தூத்துக்குடிக்கு நடந்து வந்தவர். உப்பளத்தில் வேலை கிடைத்தது. கஞ்சியும் கிடைத்தது. பின்னாலேயே காலராவும் வந்து சேர்ந்தது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வாரத்தில் போனார்கள். விவரம் தெரியாத வயசில் ஒரு பையனும் கைக்குழந்தையாக ஒரு பெண்ணும் மிஞ்சினார்கள். அந்தப் பையன்தான் வன்னியபெருமாளின் அப்பா. எந்த ஊர், எந்தக் கோயில் என்று சொல்ல அந்தப் பிள்ளைகளுக்கு யார் இருந்தார்கள்? அளத்தில் இருந்த அத்தனை பேரும் பஞ்சம் பிழைக்க வந்தவர்கள், அதனால் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்ளவும் இல்லை. அப்பாவின் கல்யாணமும் வன்னியபெருமாளின் கல்யாணமும் அப்படித்தான் அளத்துக்குள்ளேயே முடிந்தன.

மகள் சண்முகவடிவின் காலத்தில்தான் வினை வந்தது. வன்னியபெருமாள் கங்காணியாகி ஓட்டு வீடு கட்டிவிட்டார். மகளை இனியும் அளத்தில் கொடுக்க மனசு வரவில்லை. வெளியே இடம் பார்த்தார். வந்த இடமெல்லாம் சாஸ்தாவைக் கேட்டது, கேட்டுவிட்டுப் போய்விட்டது. பெண்ணுக்கு இருபத்திரண்டு ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் அந்த வயசில் மற்றவளுக்கு இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று இருக்கும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த வருஷம் மாசி மாதத்தில் ஆத்தூரிலிருந்து தாணுலிங்கம் வந்தார். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறவர். மகன் மந்திரமூர்த்தியும் கூட வந்தான். சண்முகவடிவு கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். பையன் ஒரு வாய் குடித்துவிட்டு, பெரியவர்கள் பேசுகிற இடம் என்றும் பாராமல், “காப்பி நல்லாருக்கு” என்றான். தாணுலிங்கம் சிரித்துவிட்டார்.

“பய விழுந்துட்டான் சம்பந்தி! இனி நாம பேசி என்ன செய்ய?”

சம்பந்தி என்ற சொல்லைக் கேட்டு வன்னியபெருமாளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அந்த நிறைவு ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட நிற்கவில்லை.

“ஆமா, உங்க சாஸ்தா எங்கன இருக்கு?”

தெரியாது என்ற உண்மையை மட்டும் வன்னியபெருமாள் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார். தாணுலிங்கம் மற்றவர்களைப் போல எழுந்து போகவில்லை.

“எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. நாளைக்கு ஊர்ல நாலு பேரு கேப்பான். பங்குனி உத்திரம் வருதுல்லா? அதுக்குள்ள விசாரிச்சுப் பாருங்க. பேரு தெரிஞ்சதும் வந்து சொல்லுங்க, அன்னைக்கே நிச்சயம் பண்ணிருவோம்.”

அவர்கள் போனதும் சீனித்தாய் புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

“அவுக சாஸ்தா எதுன்னு நீங்க கேட்டியளா?”

“நம்ம கிட்ட பதில் இல்லாதப்ப நான் எந்த மொகத்த வச்சிக்கிட்டு அவரைக் கேக்க? போளா, போயி வேலையப் பாரு.”

அந்த மனுஷன் அன்று வாயைத் திறந்து அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்கலாம். வெட்கம் பிடுங்கித் தின்றது, கேட்கவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. சண்முகவடிவு முறுக்கு சுடும்போதும் துணி துவைக்கும்போதும் தனக்குத்தானே எதையாவது பாடிக்கொண்டிருந்தாள். அதற்கு முன் மகள் பாடி வன்னியபெருமாள் கேட்டதே இல்லை. அதைக் கேட்கக் கேட்க அவருக்குப் பயம் வந்தது.

முதலில் தூத்துக்குடிக்குப் பக்கத்திலிருக்கும் புதுக்கோட்டைக்குப் போனார். அப்பாவோடு பிறந்த அத்தை சுடலைமாடத்தி, அளத்தில் கட்டிக்கொண்ட புருஷனோடு போனவள், அங்கேதான் இருந்தாள். அன்று கைக்குழந்தையாக மிஞ்சியவள் அவள்தான். கண் சரியாகத் தெரியாது, ஆனால் நாக்கு மட்டும் அரிவாள்தான்.

“சாஸ்தாவா? பால்குடி மறக்காத பிள்ளைகிட்ட சாஸ்தாவப் பத்தி எவம்ல சொல்லுவான்? இத்தன வருசம் அத்தை செத்தாளா இருக்காளான்னு பாக்க வராதவன், இப்ப சாஸ்தா கேட்டு வாரான்!”

திட்டித் தீர்த்துவிட்டுச் சோறு போட்டாள். சோறு போடும்போதுதான் ஒன்று சொன்னாள். அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது வெள்ளை அங்கி போட்ட ஒருவர் நாசரேத்திலிருந்து அளத்துக்கு வந்தாராம். பலவேசத்தின் கூடப்பிறந்தவன் நான், கிறிஸ்து வேதத்தில் சேர்ந்தவன், பேர் எஸ்றா, பிள்ளைகளை நான் வளர்க்கிறேன் என்றாராம். வளர்த்துக்கொண்டிருந்த அளத்துக்காரி பிள்ளைகளைக் கொடுக்க மாட்டேன் என்று விரட்டிவிட்டாளாம்.

வன்னியபெருமாள் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ்ஸில் ஏறி நாசரேத்துக்குப் போனார். எஸ்றா என்றோ கல்லறைக்குப் போய்விட்டார். பேரன் அருமைநாயகம் உபதேசியாராக இருந்தார். விவரம் சொன்னதும் கட்டிப்பிடித்துக்கொண்டார். “நீ என் தம்பில்லா!” என்று அழுதார். ஜெபம் பண்ணினார். எல்லாம் பண்ணினார், சாஸ்தா பேரைக் கேட்டபோது மட்டும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

“அந்த நாமத்த என் நாவு சொல்லாது தம்பி.”

“அண்ணாச்சி, எம் மவ வாழ்க்கை இது.”

“எங்க பாட்டனார் அத விட்டுட்டு வந்த சாட்சியத்தான் வருசா வருசம் சபை அசன விருந்துல நான் சொல்லுதேன். எல்லாம் தெரியும். ஆனா பேரு சொல்லுறதில்லன்னு ஆண்டவர்கிட்ட பொருத்தனை. வேணும்னா வழி சொல்லுதேன். தெக்க போ. செம்மண் தேரி வரும். அதுல கோடையிலயும் வத்தாத ஊத்து ஒண்ணு. அதுக்குக் கரையில...”

அடுக்களையிலிருந்து அவர் மனைவி ஜெயபாய் குரல் வந்தது.

“ஊத்துக்கரை சாஸ்தான்னு சொல்லிட்டா நாக்கு வெந்தா போவும்? கொழுந்தன் வெயில்ல அலைய வேண்டாம்லா!”

அருமைநாயகம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு “சாத்தானே, அப்பாலே போ” என்றார். வன்னியபெருமாள் அந்தப் பாவத்தைச் செய்த ஜெயபாயைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். வழியெல்லாம் அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டே வந்தார். ஊத்துக்கரை சாஸ்தா. ஊத்துக்கரை சாஸ்தா. மூன்று தலைமுறையாகத் தொண்டையில் சிக்கியிருந்த முள் இறங்கியது போல இருந்தது.

உடனே ஆத்தூருக்கு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. வெறும் பேரைச் சொல்லிக்கொண்டு போவதா, உத்திரத்தன்று பொங்கல் வைத்து, திருநீறும் பிரசாதமுமாகக் கொண்டுபோய்க் கொடுப்பதுதானே கௌரவம் என்று நினைத்தார். பாவம், கௌரவம் பார்க்க அவருக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் சந்தர்ப்பம் அது.

பங்குனி உத்திரத்தன்று மகளை வீட்டில் விட்டுவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் வெண்கலப் பானையோடு தேரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். செம்மண் காலைச் சுட்டது. ஊற்று இருந்தது. அருமைநாயகம் சொன்னது ஒன்றுகூடப் பிசகவில்லை. சாஸ்தாவின் முன்னால் விழுந்து கும்பிட்டபோது வன்னியபெருமாள் எழுந்திருக்கவே இல்லை. “பாட்டன் வரலை, அப்பன் வரலை, நான் வந்துட்டேன்யா” என்று மண்ணில் முகத்தை வைத்துச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். சீனித்தாய்தான் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

அப்போதுதான் ஊற்றோரத்தில் ஒரு வில்வண்டி வந்து நின்றது. தாணுலிங்கம் இறங்கினார். பின்னால் மந்திரமூர்த்தி வெற்றிலைக் கட்டோடு இறங்கினான்.

வன்னியபெருமாளுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது, ஆத்தூருக்குப் போகிற வேலைகூட மிச்சம் என்று. சீனித்தாய்க்கு அந்தச் சந்தோஷம் வரவில்லை. தாணுலிங்கம் யாரையும் கேட்காமல் நேராகப் போய் அடுப்புக் கல்லைப் புரட்டிப் போட்டதையும், பூசாரி அவரைப் பேர் சொல்லி அழைத்ததையும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“ஏங்க, அவுகளும் இங்கனதான் பொங்கல் வைக்காவ.”

அவர் எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“வாயத் தொறக்காதிய,” என்றாள் அவள். “சும்மா ஒரு வேண்டுதலுக்கு வந்தோம்னு சொல்லுவோம். நாளைக்கு வேற ஏதாவது சாஸ்தா பேரச் சொல்லிக்கிடலாம். நம்ம ரெண்டு பேரையும் நாசரேத்து உபதேசியார் வீட்டையும் தவிர எவனுக்குத் தெரியும்? அவரு அந்தப் பேரச் சொல்லவே மாட்டாரு, அவரு வீட்டம்மா நம்ம பக்கம்.”

அவள் சொன்னது சரிதான். வேறு யாருக்கும் தெரியாது. வன்னியபெருமாள் தலையை ஆட்டினார். ஆட்டினார் என்பதை மறைத்துப் பயன் இல்லை. பெற்ற மகளுக்காக எந்தத் தகப்பனும் ஆட்டத்தான் செய்வான்.

தாணுலிங்கமே பார்த்துவிட்டு வேகமாக வந்தார்.

“அடடே, சம்பந்தி! நீங்க எங்க இங்கன?”

“ஒரு வேண்டுதலு,” என்றாள் சீனித்தாய்.

“நல்லதாப் போச்சு! எங்க சாஸ்தாவப் பாத்த மாதிரியும் ஆச்சு. இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்.”

பொங்கல் இறக்கிப் படைப்புப் போட்டார்கள். சாஸ்தாவுக்கு முன்னால் வரிசையாக வாழை இலை விரித்து, ஒவ்வொரு வகையறாவுக்கும் ஒரு மூத்தவர் உட்கார்ந்தார். கடைசியில் ஓர் இலை விரித்தார்கள். அதற்கு முன்னால் யாரும் உட்காரவில்லை. தாணுலிங்கம் தன் கையாலேயே அதில் பொங்கலை வைத்துவிட்டு உரக்கச் சொன்னார்.

“பலவேசம் வகையறாவுக்கு ஒரு எலை!”

வன்னியபெருமாள் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினார். பக்கத்தில் நின்ற மந்திரமூர்த்தி, விருந்தாளிக்கு விளங்காதே என்று மரியாதையாக விளக்கினான்.

“எங்க பூட்டன் கூடப்பிறந்தவரு. பஞ்சத்துல தூத்துக்குடிப் பக்கம் போனவரு, திரும்பல. இன்னொருத்தரு வேதத்துல சேந்துட்டாரு, அவரு போன எடம் தெரியும், பேச்சுவார்த்தைதான் கெடையாது. இவரு போன எடம்தான் தெரியல. அவரு வம்சம் எங்கயாவது பசியோட கெடக்கும்னு எங்க பூட்டன் தொடங்கிவச்சது. வருசம் தவறுனதில்ல. கடைசில காக்காய்க்கு வச்சிருவோம்.”

சீனித்தாய் அவர் முகத்தைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை. வன்னியபெருமாள் இலையைப் பார்த்தார். அந்த அளத்தில், சோறு இல்லாமல் உப்புக் கையை நக்கிக்கொண்டு அவருடைய அப்பா வளர்ந்த காலத்திலெல்லாம், இங்கே ஒருவர் வருஷா வருஷம் சோறு வைத்துக் காத்திருந்திருக்கிறார். பொய் சொல்லிவிடலாம். பொய் சொல்லி, மகளை அவளுடைய அண்ணனுக்கே கட்டிவைத்துவிட்டு, அடுத்த வருஷம் சம்பந்தியாக வந்து இந்த இலையைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? முடியாது. அவரால் முடியாது.

அவர் போய் அந்த இலையின் முன்னால் உட்கார்ந்தார். உட்கார்ந்து ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார். கூட்டம் திகைத்து நின்றது.

“என் பாட்டன் பேரு பலவேசம்,” என்றார்.

அதன் பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள் திருவிழா என்றுதான் சொல்லியிருப்பார்கள். தாணுலிங்கம் ஓடிவந்து “அண்ணே!” என்று கட்டிக்கொண்டு கதறினார். கிழவிகள் குலவை போட்டார்கள். முன்பின் பார்த்திராத எத்தனையோ பேர் வந்து சித்தப்பா, அண்ணன், தாத்தா என்று முறை சொன்னார்கள். பிறந்ததிலிருந்து ஒரு சொந்தமும் இல்லாதவருக்கு ஒரே மத்தியானத்தில் ஊர் நிறையச் சொந்தம். மந்திரமூர்த்தி மட்டும் ஊற்றுப் பக்கம் போய் நெடுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தான். பிறகு வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டு, “பெரியப்பா” என்றான்.

சீனித்தாய் வீட்டுக்கு வருகிறவரை புருஷனோடு பேசவில்லை. வாசலில் நின்றிருந்த மகளிடம் அவள்தான் சொன்னாள். சண்முகவடிவு கேட்டுவிட்டு உள்ளே போனாள். அன்றோடு பாட்டு நின்றது.

அதற்குப் பிறகும் அவர் இடம் தேடாமல் இல்லை. முன்பாவது சாஸ்தா தெரியாது என்று போனார்கள். இப்போது ஆத்தூர் வட்டாரத்தில் பாதி வீடு பங்காளி வீடாகிவிட்டது. மீதிப் பேர், அண்ணன் முறைக்காரனுக்கே பேசி நின்ற பெண்ணா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஆவணியில் தாணுலிங்கம் பெண்டாட்டியோடு வந்தார். மந்திரமூர்த்திக்கு வேறு இடத்தில் நிச்சயமாகியிருந்தது. மனுஷன் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் வாசலோடு அனுப்பிவிட்டிருக்கலாம். கண் கலங்க வன்னியபெருமாளின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“அண்ணே, எங்களுக்குப் பொம்பளப் பிள்ளை கெடையாது. தாலி கட்டும்போது நாத்தனார் முடிச்சுப் போட யாரக் கூப்பிடன்னு மலைச்சுக் கெடந்தோம். இப்ப சாஸ்தா பாத்து ஒரு தங்கச்சியக் குடுத்திருக்காரு. வடிவு வந்து முடிச்சுப் போடணும்.”

துறைமுகத்தையே அதட்டுகிற வன்னியபெருமாள் கழுத்துத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கதவுக்குப் பின்னாலிருந்து சண்முகவடிவுதான் பதில் சொன்னாள்.

“வாரேன் சித்தப்பா.”

ஆத்தூரில் முகூர்த்தம். மந்திரமூர்த்தி தாலியைக் கட்டிவிட்டு நிமிராமல் உட்கார்ந்திருந்தான். பட்டுச் சேலையில் சண்முகவடிவு மணப்பெண்ணின் பின்னால் குனிந்து, மஞ்சள் கயிற்றின் இரண்டு முனையையும் வாங்கினாள். அவ்வளவு பெண்களும் அவள் கையையே பார்த்தார்கள். ஒரு முடிச்சு, அதன் மேல் இன்னொன்று. அவசரப்படவில்லை. “அவுந்துராமப் போடுளா!” என்று யாரோ கேலியாகச் சொன்னதற்குச் சிரிக்கவும் செய்தாள்.

வன்னியபெருமாள் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். முடித்துவிட்டு அவள் அவரிடம்தான் வந்தாள். விரலில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

“நல்லா இறுக்கிப் போட்டுட்டேம்ப்பா,” என்றாள். “இனி எனக்கு எடம் பாக்காதிய.”