அண்ணன் உல்டாவாக மாட்டிய டாப் லிங்க்

இதை எழுத வேண்டும் என்று நினைத்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அண்ணன் இருந்தவரை அவர் விடவில்லை. அவர் முருகன் திருவடி சேர்ந்த பிறகு, என் வீட்டுக்காரர் மனம் நோகுமே என்று நான் தயங்கினேன். முதல் வருடத் திதிக்கு நினைவு மலர் அச்சுப் போடுவதாக அண்ணி சொன்னதும் வீட்டுக்காரரே, "எழுது. என் கையைப் பத்தியும் எழுது" என்றார். நான் அதிகம் படித்தவள் இல்லை. பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

அண்ணன் பிறந்தது ஒக்கலிபுரத்தில். அப்பா தவறியதும் பள்ளிக்கூடத்தை விட்டு, அடுகோடியில் ஒரு பட்டறையில் சேர்ந்தார். தங்கைக்கு முடிக்காமல் தனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று நின்று, என்னை ஆனேக்கலில் கட்டிக்கொடுத்தார். கிருத்திகை விரதத்தை ஒருநாளும் விட்டதில்லை. விரதத்தன்று சாயங்காலமே அடுக்களையை எட்டிப் பார்த்து, "ஆச்சா?" என்று அண்ணியிடம் திட்டு வாங்குபவரும் அவர்தான்.

என் வீட்டுக்காரர் ஒரு மினி டிராக்டர் வைத்து, சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கு உழுதுகொடுத்து வந்தார். அதுதான் எங்கள் சோறு. தொண்ணூறுகளின் கடைசியில் அவருடைய வலது கை நடுங்க ஆரம்பித்தது. டிராக்டருக்கும் கலப்பைக்கும் நடுவில் மேலே ஒரு தண்டு இருக்கும். அதைத்தான் டாப் லிங்க் என்பார்கள். அதைத் திருகிக் குறுக்கினால் கலப்பையின் மூக்கு மண்ணில் இறங்கும், நீட்டினால் ஏறும். ஒவ்வொரு நிலத்திலும் இறங்கி அதைத் திருக அவர் கைக்குப் பலம் இல்லை. கை இப்படி என்று வெளியே தெரிந்தால் யார் உழவுக்குக் கூப்பிடுவார்கள்?

அண்ணனிடம் மட்டும் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே எண்ணெய் அழுத்தத்தில் தானே நீண்டு குறுகும் ஹைட்ராலிக் டாப் லிங்க் சிலிண்டர் ஒன்றைச் சாக்கில் சுற்றி, ஆனேக்கல் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கற்பூரம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார். பழைய தண்டைக் கழற்றி அந்த சிலிண்டரை மாட்டி, எண்ணெய் போகும் இரண்டு ஹோஸ் குழாய்களை இழுத்து, சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு லீவர் வைத்தார். இனி இறங்கவே வேண்டாம்.

ஓட்டிப் பார்க்கும்போது பக்கத்துத் தோட்டக்காரர் வந்து நின்றார். எங்கள் பக்கத்து வண்டிகளில் லீவரை முன்னால் தள்ளினால் கலப்பை இறங்கும். இதில் மூக்கு மேலே ஏறியது.

"ஏன் ஸ்வாமி, எல்லாம் உல்டாவா இருக்குது! ஹோஸ மாத்திக் குத்திட்டீங்களா?"

"ஆமா சாமி, மாறிப்போச்சு. கண்ணு சரியா தெரில" என்றார் அண்ணன்.

"கழட்டி மத்தே இன்னொருவாட்டி மாட்டுங்க."

"கழட்டுனா எண்ணெ எல்லாம் கொட்டிப்பூடும். மாப்ள பழகிக்குவாரு, வுடுங்க."

தோட்டக்காரர் சிரித்துக்கொண்டே போனார். எனக்கு மனசு ஆறவில்லை. சோறு போடும்போது கேட்டேன்: "ஏண்ணா, நீ போய் தப்பா மாட்டுவியா?"

அண்ணன் கதவைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மாப்ள கை உதறும்போது முன்னாடிதாம்மா போவுது. நான் பாத்துட்டேன். எல்லா வண்டி மாரி மாட்டியிருந்தா, உதறும்போது கலப்ப மண்ணுல குத்திக்கும், வண்டி மூஞ்சியத் தூக்கிடும். இப்ப உதறினா மூக்கு மேல வந்துடும். அவ்ளோதான். அவரு கையப் பத்தி ஊர்ல பேச வேணாம். என்னப் பத்தி பேசட்டும்."

பேசினார்கள். "உல்டா மேஸ்திரி" என்ற பேர் ஒக்கலிபுரம் வரை போயிற்று. ஆனேக்கல் பக்கத்திலிருந்து அண்ணனிடம் வண்டி கொண்டுவந்த சிலர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் சித்தப்பா மகன், "மேஸ்திரிக்கு இலைய உல்டாவா போடுங்கப்பா" என்று கத்தினான். என்னிடம் விஷயத்தைக் கேட்டறிந்திருந்த என் வீட்டுக்காரர் உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். அண்ணன் மேஜைக்கு அடியில் அவர் காலை ஒரு மிதி மிதித்து, "மாப்ளைக்கு ரசம் ஊத்துங்க" என்றார்.

ஒருநாள் கலப்பை பாறையில் சிக்கியது. என் வீட்டுக்காரர் கை உதறி லீவர் முன்னால் போனது. மூக்கு மேலே வந்து, வண்டி அசையாமல் நின்றது. அன்று வீட்டுக்கு வந்தவர் விபூதி பூசிக்கொண்டு முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். "ஒங்கண்ணன் என்ன உசுரோட வச்சிருக்காரு" என்று மட்டும் சொன்னார்.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில், மூச்சு வாங்கும்போதும் அண்ணன் கேட்டது, "மாப்ள வந்தாரா? லீவர்ல எண்ணெ கசியுதா?" என்றுதான். கசியவில்லை அண்ணா.

கண் மூடும்வரை பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், தோள் கொடுத்த பட்டறைத் தோழர்களுக்கும், இரவெல்லாம் துணையிருந்த ஒக்கலிபுரத்து அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் கும்பிடு. பக்கத்துத் தோட்டக்காரர் தன் தோட்டத்து ரோஜாவையே மாலையாகக் கட்டிக்கொண்டு வந்தார். விஷயம் எதுவும் தெரியாமலே அழுதார். இந்த மலரை முதலில் அவருக்குத்தான் என் வீட்டுக்காரர் படித்துக் காட்டப்போகிறார்.

படிப்பவர்கள் இதைக் கூட்டாமல் குறைக்காமல் மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். உல்டா என்ற சொல்லையும் மரியாதைக்காக எடுத்துவிட வேண்டாம். அது எங்கள் வீட்டுக்காக அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்ட பேர்.