மழைநீரில் நான் கண்ட மேடு

வல்லரசுகள் வானத்தில் அணுகுண்டு வெடித்துப் பார்த்துக்கொண்டிருந்த அறுபதுகளின் தொடக்கத்தில், உலகைக் காப்பாற்றும் பொறுப்பைத் திருச்சியில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அமர்ந்தபடி நான் ஏற்றுக்கொண்டேன். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

பிளவுபட்ட அணுக்கரு அமைதியாகப் பிரிந்து போவதில்லை; அதன் துண்டுகள் கொதிப்பு அடங்கும்வரை காமாக் கதிர்களை, அதாவது மிகுந்த ஆற்றலுள்ள ஒளித்துகள்களை, உமிழும். எந்த ஆற்றலில் எத்தனை என்று எண்ணினால், எந்தத் துண்டு என்று அறியலாம். ஸ்ரீரங்கத்தில் நான் சாப்பிட்டுவந்த மெஸ்ஸின் மாடியில் மழைநீர் பிடித்து, அதில் குண்டின் மிச்சம் உண்டா என்று தேடுவதே என் முதுகலை ஆய்வு.

ஆயுதபூசையன்று பொட்டிட்ட கருவிகளை மறுநாள்வரை தொடக்கூடாது என்பது வழக்கம். பகுத்தறிவின் பொருட்டு நான் தொட்டேன். பகல் முழுதும் எண்ணியதில், வரைபடத்தில் அதுவரை இல்லாத மேடு ஒன்று எழுந்தது. பேராசிரியர் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தார். மழைநீரில் குண்டின் மிச்சம் இருக்கிறது என்று சொல்லாவிட்டால் குழந்தைகளுக்கு என்னாகும், சொன்னால் பீதி பரவுமே என்று இருபுறமும் நிறுத்துப் பார்த்து, மெஸ் மாமியிடம் மட்டும் சொன்னேன். மறுநாள் காலைக்குள் தெருவே அண்டா அண்டாவாக மழைநீரைச் சாக்கடையில் கொட்டியிருந்தது.

பொன்மலையிலிருந்து சைக்கிளில் வரும் என் வகுப்புத் தோழன் வரைபடத்தைப் பார்த்தான்.

“மழைத்தண்ணி பாட்டிலை எடுத்துட்டு எண்ணிப் பாத்தியாடா?”

“போன வாரமே பாத்தேன்.”

“நேத்து?”

எண்ணினோம். பாட்டில் இல்லாமலும் மேடு அசையவில்லை. அவன் கருவிக்குப் பின்னால் கைநீட்டினான். பூசைக்காக எல்லாவற்றையும் ஒரே மேசையில் சேர்த்த அட்டெண்டர், மின்வெட்டுக்கு வைத்திருந்த காஸ் விளக்கையும் புது மேண்டில் வலை கட்டி, பொட்டிட்டு, அங்கேயே வைத்திருந்தார். அந்த வலையில் தோரியம் உண்டு. தோரியம் காமா உமிழும். இதைப் பரீட்சையில் எழுதி நான் மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

“உலகத்தைக் காப்பாத்துனது போதும், வா, டீ சாப்பிடலாம்” என்றான்.

மெஸ்ஸில் உண்மையைச் சொன்னதும் மாமி இலை போடவில்லை.

“கொட்டச் சொன்ன வாயாலேயே தீர்த்தம் நன்னாத்தான் இருந்ததுன்னு ஒவ்வொரு ஆத்துலயும் போய்ச் சொல்லிட்டு வா. சாதம் அப்புறம்.”

நான்காவது வீட்டில் ஒரு பெரியவர் முழுக்கதையையும் பொறுமையாகக் கேட்டார்.

“அப்போ கல்யாணத்துக்கு வெக்கற காஸ் விளக்குதான் ஆபத்தா?”

ஐப்பசி முகூர்த்தங்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. மீண்டும் விளைவுகளை நிறுத்துப் பார்த்தேன்.

“அளவு ரொம்பக் கம்மி, மாமா. பயமில்லை.”

“இதை நேத்திக்குச் சொல்லியிருக்கப்படாதோ?” என்று கதவைச் சாத்தினார். இன்னும் பதினோரு வீடுகள் இருந்தன.